காலேஜ் கூடைப்பந்து வீரர் ஏன் அணி மாறினார்? சண்டையில் இறங்கும் முன் பார்க்க வேண்டியவை

மார்ச் கடைசியும் ஏப்ரலும் வந்தால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களுக்கு ஆட்டத்தை விடப் பெரிய வேலை ஒன்று வந்துவிடும். நேற்று வரை நம்ம பையன் என்று கொண்டாடிய ஒருவர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர்ப் பட்டியல்) பெயர் கொடுத்துவிட்டார் என்று செய்தி வரும், அடுத்த பத்து நிமிடத்தில் ஆளுக்கொரு காரணம் தயார். "காசுக்குத்தான் போனான்." "கோச் அவனைச் சரியா பயன்படுத்தல." "அவங்க அப்பா பண்ற வேலை இது." "அந்த காலேஜ்காரங்க முன்னாடியே ஆள விட்டுப் பேசிட்டாங்க." ஆண்கள் முதல் டிவிஷனில் (கல்லூரி ஆட்டத்தின் மேல் மட்டம்) மட்டும் 360-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், 2025-இல் அவற்றிலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் போர்ட்டலுக்குள் போனார்கள். அத்தனை பேருக்கும் ஒரே காரணம் இருக்க வாய்ப்பே இல்லை, ஆனால் வாதம் மட்டும் எல்லா அணியிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

இதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்ய முடியும். உள்ளே இருந்து யாரும் நமக்குத் தகவல் தர வேண்டியதில்லை. பொதுவில் கிடக்கும் விஷயங்களை வைத்தே பாதிக் காரணங்களைத் தள்ளிவிடலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் கேள்வியை இரண்டாக உடையுங்கள்

ஏன் மாறினார் என்பது ஒரு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. பழைய இடத்தை ஏன் விட்டார்? புது இடத்தை ஏன் பிடித்தார்? இரண்டும் வேறு வேறு நாளில், பல சமயம் வேறு வேறு காரணத்துக்காக எடுக்கும் முடிவுகள். ரசிகர்கள் அடித்துக்கொள்ளும்போது பெரும்பாலும் ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறார், இன்னொருவர் இரண்டாவதற்கு, இரண்டு பேரும் சரியாகவே சொல்கிறார்கள், ஆனாலும் சண்டை ஓயாது.

வால்டர் கிளேட்டன் ஜூனியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயோனா பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். 2023 மார்ச்சில் அவருடைய கோச் ரிக் பிட்டினோ ஐயோனாவை விட்டு செயின்ட் ஜான்ஸுக்குப் போனார், கிளேட்டனும் வெளியே வந்தார். ஆனால் கோச் பின்னாலேயே போகவில்லை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போனார், அவரோ ஃப்ளோரிடா மாநிலத்தின் லேக் வேல்ஸ் ஊர்க்காரர். ஏன் விட்டார் என்றால் கோச் என்பது இயல்பான பதில், ஏன் அங்கே போனார் என்றால் சொந்த மாநிலம் என்பது இயல்பான பதில். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் "கோச்சுக்காகன்னா செயின்ட் ஜான்ஸுக்குல்ல போயிருக்கணும்" என்று ஒருவர் கிளம்புவார், அது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வாதமே இல்லை. (அந்த ஃப்ளோரிடா அணி 2025 ஏப்ரல் 7 அன்று ஹூஸ்டனை 65-63 என்று தோற்கடித்து தேசிய சாம்பியன் ஆனது. ஃபைனல் ஃபோரின், அதாவது கடைசி நான்கு அணிகள் மோதும் கட்டத்தின், சிறந்த வீரர் கிளேட்டன்.)

முந்தைய வருஷம் ஏன் போகவில்லை?

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் மிக உபயோகமான கேள்வி இதுதான், ஆனால் கேட்பவர்கள் குறைவு. ஒருவர் இந்த வருஷம் போனதற்கு நீங்கள் சொல்லும் காரணம் போன வருஷமும் அப்படியே இருந்ததா? இருந்தும் அவர் போகவில்லையா? அப்படியானால் அந்தக் காரணம் தனியாக நிற்காது. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவில் எது மாறியது என்று தேடுங்கள்.

இதற்கு ஃப்ளோரிடா அட்லாண்டிக்கை விட நல்ல உதாரணம் கிடைக்காது. எஃப்.ஏ.யூ என்று சொல்வார்களே, அந்தச் சின்ன அணிதான் 2023-இல் திடீரென்று ஃபைனல் ஃபோர் வரை வந்து, சான் டியாகோ ஸ்டேட்டின் லமான்ட் பட்லர் கடைசி நொடியில் போட்ட ஷாட்டால் 72-71 என்று தோற்றது. சீசன் முழுக்க 35 வெற்றி, 4 தோல்வி. அந்த ஏப்ரலில் எல்லாரும் என்ன நினைத்தார்கள்? சின்ன கல்லூரி, பெரிய மேடை பார்த்துவிட்டார்கள், பணம் கொடுக்கப் பெரிய கல்லூரிகள் (அப்போது நேரடியாக இல்லை, வீரரின் பெயருக்கும் உருவத்துக்கும் ஆதரவாளர்கள் தருவது) வரிசையில் நிற்கும், ஒருத்தரும் தங்கமாட்டார்கள் என்று. ஆனால் அணியின் முக்கியமான ஆட்கள் அப்படியே திரும்பி வந்தார்கள். கோச் டஸ்டி மேயும் அங்கேயேதான் இருந்தார்.

அடுத்த வருஷம், 2024 மார்ச்சில், மே மிச்சிகனுக்குப் போனார். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். சென்டர் விளாடிஸ்லாவ் கோல்டின் கோச்சோடு மிச்சிகனுக்கு. ஜானெல் டேவிஸ் ஆர்கன்ஸாவுக்கு. அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடாவுக்கு. நிக் பாய்டு, 2023-இல் அவர்களைத் தோற்கடித்த அதே சான் டியாகோ ஸ்டேட்டுக்கு.

பணம் 2023-லும் இருந்தது, 2024-லும் இருந்தது. பெரிய மேடை ஆசை இரண்டு வருஷமும் இருந்தது. நடுவில் கண்ணுக்குத் தெரிந்து மாறிய பெரிய விஷயம் கோச். அதனால் எஃப்.ஏ.யூவை விட்டதற்குக் கோச் போனது காரணம் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஆனால் நான்கு பேரும் நான்கு இடத்துக்குப் போனார்கள் பாருங்கள், அங்கேதான் பணம், மேடை, ஆட்டப் பாணி எல்லாம் உள்ளே வருகிறது. அது இரண்டாவது கேள்வியின் கதை. ஒரு வயது கூடிவிட்டது, காலேஜில் மிச்சமிருக்கும் வருஷம் குறைந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். காரணங்கள் தனியாகவே வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இதே கேள்வியை கிரேட் ஓஸபோர் என்ற ஃபார்வர்டின் மேல் வைத்துப் பாருங்கள் (பெயரே கிரேட் தான்). 2024-இல் யூட்டா ஸ்டேட்டிலிருந்து வாஷிங்டனுக்குப் போனார், ஏறக்குறைய 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. அந்த எண்ணைப் பார்த்தவர்களுக்கு வேறு காரணம் எதற்கு? ஆனால் ஒரு வருஷம் பின்னால் போனால் 2023-லும் அவர் மாறியிருக்கிறார், மொன்டானா ஸ்டேட்டிலிருந்து யூட்டா ஸ்டேட்டுக்கு. இரண்டு தடவையும் கோச் டேனி ஸ்பிரிங்கிள் முன்னால் போக, ஓஸபோர் பின்னால் போனார். கோச் இடம் மாறாத வருஷத்தில் அவரும் மாறவில்லை. அவ்வளவு பணம் வாஷிங்டன் கொடுத்திருக்காவிட்டால் போயிருப்பாரா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி, ஆனால் காசு மட்டும்தான் என்று சொல்பவர் 2023-க்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

தேதிகளை வரிசையாக எழுதுங்கள்

ஒரு காகிதத்தில் எழுதினால் போதும். கடைசி ஆட்டம் எப்போது, கோச் மாற்றம் இருந்தால் எப்போது, போர்ட்டல் செய்தி எப்போது, எந்தெந்தக் கல்லூரிக்கு நேரில் போய்ப் பார்த்தார், புது இடத்தை எப்போது அறிவித்தார், பணம் பற்றிய செய்தி எப்போது வந்தது, பழைய அணி அவருடைய இடத்துக்கு வேறு ஆளை எப்போது எடுத்தது. காரணம் என்று சொல்லப்படும் விஷயம் முடிவுக்குப் பிறகு நடந்திருந்தால் அதை அப்போதே அடித்துவிடலாம். பழைய அணி புது பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) எடுத்ததால் இவர் கோபித்துக்கொண்டு போனார் என்பார்கள், தேதியைப் பார்த்தால் இவர் போன பிறகுதான் அந்த ஆளையே எடுத்திருப்பார்கள்.

நைஜல் பேக் விஷயம் இதற்குப் பொருத்தம். கேன்சஸ் ஸ்டேட்டில் நன்றாக ஆடிய கார்டு. 2022 ஏப்ரலில் மயாமிக்குப் போகிறார், உடனே ஜான் ரூயிஸ் என்ற தொழிலதிபர் ட்விட்டரில் இரண்டு வருஷத்துக்கு 8 லட்சம் டாலர், கூடவே ஒரு கார் என்று வெளிப்படையாகவே போட்டுவிட்டார். நாடு முழுக்க அந்த எண்தான் பேச்சு. ஆனால் தேதி வரிசையை எழுதினால் அதற்கு முந்தைய மாதத்தில் ஒரு வரி வரும்: 2022 மார்ச்சில் கேன்சஸ் ஸ்டேட் கோச் புரூஸ் வெபர் விலகினார், ஜெரோம் டாங் வந்தார். 8 லட்சத்தைப் பற்றி மட்டும் பேசுபவர்கள் இந்த வரியை எழுதுவதே இல்லை. இதனால் பணம் காரணமில்லை என்று ஆகிவிடாது. பழைய இடத்தில் அவரைப் பிடித்து வைத்திருந்த ஒரு கயிறு ஏற்கெனவே அறுந்திருந்தது என்பது மட்டும்தான் இதில் தெரியும். அந்தச் செய்தி வந்த கையோடு மயாமியில் ஏற்கெனவே இருந்த ஐசையா வாங்கின் ஏஜென்ட், அவருக்கும் பணத்தைக் கூட்டாவிட்டால் போர்ட்டலுக்குப் போவார் என்று பேட்டி கொடுத்தார், கடைசியில் வாங் போகவே இல்லை. அடுத்த சீசனில் இரண்டு பேரும் சேர்ந்து மயாமியை முதல் முறையாக ஃபைனல் ஃபோருக்குக் கொண்டுபோனார்கள்.

போர்ட்டல் தேதியை வாசிப்பதில் ஒரு எச்சரிக்கை. போர்ட்டல் என்பது ரசிகர்கள் போய்ப் பார்க்கக்கூடிய பக்கம் இல்லை, கல்லூரி ஊழியர்களுக்கான தரவுத்தளம். வீரர் தன் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், அவர்கள் இரண்டு வேலை நாளுக்குள் பெயரைச் சேர்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்ற கோச்சுகள் பேசலாம். நமக்கு வருவது யாரோ நிருபருக்குக் கிடைத்த தகவல். ஆக, செய்தி வந்த நாள், பெயர் ஏறிய நாள், முடிவெடுத்த நாள் மூன்றும் வேறு.

அதோடு நினைத்த நாளில் பெயர் கொடுக்கவும் முடியாது, குறிப்பிட்ட சில நாட்கள்தான் கதவு திறந்திருக்கும். ஆண்கள் கூடைப்பந்தில் முதலில் 60 நாளாக இருந்தது 45 ஆகி, 2025-இல் 30 ஆனது. அந்த வருஷம் கதவு திறந்தது மார்ச் 24, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தேசியப் போட்டியில் இரண்டாவது சுற்று முடிந்த மறுநாள். அன்றைக்கே நூற்றுக்கணக்கில் பெயர்கள் கொட்டின. "தோத்த மறுநாளே ஓடிட்டான் பாரு, கொஞ்சமாவது வெட்கம் இருக்கா" என்று அன்று திட்டினார்கள். காலண்டர் அப்படி இருந்தால் பையன் என்ன செய்வான்? தலைமை கோச் விலகினால் அந்த அணி வீரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு கதவு திறக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

எந்த வருஷத்துக் கதையைப் பேசுகிறீர்கள் என்பதும் முக்கியம். 2018 அக்டோபரில் போர்ட்டல் வருவதற்கு முன் வேறு கல்லூரியோடு பேசவே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டும். 2021 ஏப்ரல் வரை ஆண்கள், பெண்கள் கூடைப்பந்தில் மாறினால் பொதுவாக ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும். 2021-இல் ஒரு தடவை மட்டும் உட்காராமல் மாறலாம் என்று வந்தது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியா கூட்டாட்சி நீதிமன்றம் மிச்சமிருந்த தடையையும் நிறுத்திவைக்க, 2024 ஏப்ரலில் படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது. பெயர், உருவம் இவற்றை வைத்துப் பணம் சம்பாதிக்கும் என்.ஐ.எல். அனுமதி 2021 ஜூலை 1-இல் தொடங்கியது. 2015-இல் ஒரு வருஷத்தை இழந்து மாறியவரையும் இன்று மாறுபவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது, அன்று மாறியவருக்கு இன்னும் பலமான காரணம் இருந்திருக்க வேண்டும். 2019-இல் போனவரை என்.ஐ.எல்.லுக்காகப் போனார் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். (மேசைக்கு அடியில் பணம் போனது வேறு கதை, 2017-இல் எஃப்.பி.ஐ. வந்து கைது செய்ததெல்லாம் அதற்காகத்தான்.)

ஆட்ட நிமிடங்கள், அவர் இடத்தில் இருப்பவர்கள்

நிறைய மாற்றங்களுக்கு உண்மையான விளக்கம் சுவாரஸ்யமே இல்லாதது: களத்தில் இடம் கிடைக்கவில்லை. இதைச் சரிபார்ப்பதும் சுலபம், ஆனால் சராசரி நிமிடத்தை மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது. நவம்பரில் சின்ன அணிகளோடு 25 நிமிடம் ஆடி, பிப்ரவரியில் முக்கியமான ஆட்டங்களில் 8 நிமிடம் ஆடினால் சராசரி 16 என்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கடைசி பத்து ஆட்டத்தைத் தனியாக எடுங்கள். ஆட்டம் நெருக்கமாக இருக்கும்போது கடைசி ஐந்து நிமிடம் யார் களத்தில் இருந்தார்கள் என்று பாருங்கள், கோச் யாரை நம்புகிறார் என்பது அங்கேதான் தெரியும்.

அடுத்து பழைய அணியில் அவருடைய இடத்தில் யார் தங்குகிறார்கள், புது அணியில் அந்த இடத்திலிருந்து யார் போயிருக்கிறார்கள் என்று பாருங்கள். கெலெல் வேர் பெரிய பெயரோடு ஆரிகனுக்கு வந்த சென்டர். முதல் வருஷம் அங்கே என்ஃபாலி டான்டே இருந்தார், வேருக்குச் சராசரி 6.6 பாயிண்டுதான். அதே 2023-இல் இண்டியானாவில் ட்ரேஸ் ஜாக்சன்-டேவிஸ் படிப்பு முடிந்து தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போக, உள்ளே பெரிய ஆளுக்கான இடம் காலி. வேர் இண்டியானாவுக்குப் போனார், அடுத்த சீசனில் 15.9 பாயிண்ட், 2024 டிராஃப்டில் (என்.பி.ஏ. அணிகள் வரிசையாகப் புது ஆட்களை எடுக்கும் நாள்) 15-ஆவது ஆளாக மயாமி ஹீட் எடுத்தது. இரண்டு அணிகளின் ஆள் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஏப்ரலிலேயே இது புரிந்திருக்கும்.

ஏற்கெனவே 34 நிமிடம் ஆடுபவர் போனால் இடம் கிடைக்கவில்லை என்ற காரணம் ஓடாது. அப்போது என்ன வேலை கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும், பந்தைக் கையாள விட்டார்களா, மூலையில் நிற்க வைத்தார்களா. அல்லது மேடை. டால்டன் கனெக்ட் ஒரு ஜூனியர் காலேஜில் தொடங்கி, நார்தர்ன் கொலராடோ போய், அங்கே எல்லாவற்றையும் செய்து காட்டிவிட்டு 2023-இல் டென்னஸிக்கு வந்தார். 2024-இல் டென்னஸி ஆடும் எஸ்.ஈ.சி. லீக்கின் சிறந்த வீரர், அப்புறம் டிராஃப்டில் 17-ஆவதாக லேக்கர்ஸ். இதில் யார் மேலும் கோபப்பட எதுவும் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை ரசிகர்கள் பேசப் பிடிக்காது: போகச் சொல்லிவிடுவது. சீசன் முடிந்ததும் கோச் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசுவார், அங்கே "அடுத்த வருஷம் உனக்கு இங்கே பெரிசா இடம் இருக்காது" என்று மென்மையாகச் சொன்னால் பையனுக்குப் புரிந்துவிடும். வெளியே வருவது வீரரின் அறிவிப்பு மட்டும்தான். முன்பு 13 ஸ்காலர்ஷிப், 2025-26 முதல் ஹவுஸ் வழக்கு ஒப்பந்தத்தை (கீழே வருகிறது) ஏற்ற கல்லூரிகளில் அணிக்கே 15 பேர்தான். உறுதியானவர்களை எண்ணிப் பாருங்கள், அவர் போவதற்கு முன்பே இடம் நிரம்பியிருந்தால் அவர் விட்டுவிட்டுப் போனார் என்று எழுதுவதற்கு முன் யோசியுங்கள்.

பணம்

பணத்தைக் காரணமாகச் சொல்வது தப்பில்லை, சில சமயம் அதுதான் முழுக் காரணம். ஹண்டர் டிக்கின்சன் 2023-இல் மிச்சிகனிலிருந்து கேன்சஸ் போனபோது, மிச்சிகனில் அந்த வருஷம் தனக்குக் கிடைத்தது ஒரு லட்சம் டாலருக்கும் கீழே என்று தானே பாட்காஸ்ட்டில் சொன்னார். வீரரே வாயால் சொன்னால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

மற்ற நேரங்களில் ஒரு எண் காதில் விழுந்தால் அதை யார் சொன்னது, சொல்வதால் அவருக்கு என்ன லாபம் என்று கேளுங்கள். ஒப்பந்தங்கள் பொதுவில் வருவதில்லை. ஏஜென்டுக்கு எண் பெரிதாகத் தெரிந்தால் அடுத்த வாடிக்கையாளர் வருவார், இழந்த கல்லூரிக்கும் எண் பெரிதாக இருந்தால் "எங்களால முடியாத தொகை" என்று தப்பிக்கலாம். இரண்டு பக்கமும் ஊதிப் பெரிதாக்கும் பலூன் அது. அதோடு நமக்குத் தேவைப்படுவது புது இடத்துத் தொகை மட்டும் இல்லை, பழைய இடம் கொடுக்க முன்வந்த தொகைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி. 10 லட்சத்துக்குப் போனார் என்பார்கள், இங்கே 9 லட்சம் கொடுக்கத் தயாராக இருந்திருந்தால் பணம் காரணமே இல்லை.

2025 ஜூன் 6-இல் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த ஹவுஸ் வழக்கு (கல்லூரி வீரர்கள் பணம் கேட்டு என்.சி.ஏ.ஏ. மேல் போட்டது) ஒப்பந்தத்துக்குப் பிறகு கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம், 2025-26-க்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். ஆனால் அது எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. அமெரிக்கக் கால்பந்து உள்ள கல்லூரியில் பெரும்பங்கு அங்கே போய்விடும். செயின்ட் ஜான்ஸ், கொன்ஸாகா மாதிரிக் கால்பந்து அணியே இல்லாதவர்கள் கூடைப்பந்துக்குத் தாராளமாக ஒதுக்க முடியும். "அவங்க சின்ன காலேஜ், எப்படிக் கொடுத்திருப்பாங்க" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஹார்வர்ட், யேல் மாதிரிக் கல்லூரிகள் இருக்கும் ஐவி லீக்கில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, அங்கிருந்து ஒருவர் வெளியே போனால் பணம் பேசப்பட்டிருக்கும் என்று ஊகிப்பதில் பெரிய அநியாயம் ஒன்றும் இல்லை.

படிப்பு என்ற ஒன்று இருக்கிறது

இவர்கள் மாணவர்கள் என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறோம். டிகிரிக்குத் தேவையான பாடங்களில் இரண்டாம் வருஷ முடிவில் 40 சதவீதம், மூன்றாம் வருஷம் 60, நான்காம் வருஷம் 80 முடித்திருக்க வேண்டும் என்று விதி. பழைய கல்லூரியில் படித்த பாடங்களைப் புதுக் கல்லூரி முழுதாக ஏற்காவிட்டால் கணக்கு இடிக்கும்.

கேலப் லவ் கதையைப் பாருங்கள். வட கரோலினா 2022-23 சீசனைத் தரவரிசையில் முதலிடத்தில் தொடங்கி என்.சி.ஏ.ஏ. போட்டிக்கே போகாமல் முடித்தது, 1985-இல் 64 அணிகள் ஆனதற்குப் பிறகு முதலிடத்தில் தொடங்கிய ஒரு அணிக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. லவ் வெளியேறினார், அது யாருக்கும் ஆச்சரியமில்லை. முதலில் மிச்சிகன் என்று அறிவித்தார், பிறகு அது நடக்கவில்லை, பாடங்களை ஏற்பதில் சிக்கல் என்று செய்தி வந்தது, கடைசியில் அரிஸோனா. 2024-இல் அரிஸோனா ஆடிய பேக்-12 லீக்கின் சிறந்த வீரர் அவர்தான். ஏன் அரிஸோனா என்ற கேள்விக்கு அந்த கோச்சின் ஆட்டப் பாணி என்று பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் நடுவில் ஒரு சேர்க்கை அலுவலகமும் இருந்தது.

கல்லூரி இதைப் பற்றி வாய் திறக்காது, மாணவர் கல்வி விவரங்களைக் காக்கும் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்த மௌனத்தை வைத்துக் கதை கட்டாதீர்கள்.

அறிவிப்பையும் வதந்தியையும் வாசிப்பது

வீரர் போடும் அறிவிப்பில் கடவுளுக்கு நன்றி, குடும்பத்துக்கு நன்றி, கோச்சுகளுக்கு நன்றி, ரசிகர்களுக்கு நன்றி, இதையெல்லாம் சொன்ன பிறகு போர்ட்டலுக்குள் போகிறேன் என்று இருக்கும். அதில் கோச் பெயர் இல்லை என்று பூதக்கண்ணாடி வைப்பது வீண், பாதி அறிவிப்புகள் வேறு யாரோ தயாரித்துக் கொடுத்தவை. சில மாதம் கழித்துப் புது ஊரில் முதல் செய்தியாளர் சந்திப்பில் சொல்வதைக் கேளுங்கள், அங்கே கொஞ்சம் தளர்வாகப் பேசுவார்கள்.

"தொடர்பு கொள்ள வேண்டாம்" என்ற குறிப்போடு பெயர் ஏறியது என்று செய்தி வந்தால் எங்கே போவது என்று அவர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். அதையே முன்கூட்டிப் பேசி இழுத்ததற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள், அது போதாது. பழைய கோச் பின்னால் போகிறவரும் அந்தக் குறிப்பைப் போடலாம், சொந்த ஊருக்குத் திரும்புகிறவரும் போடலாம். விதி மீறிப் பேசினார்கள் என்று சொல்ல யார், எப்போது, யாரிடம் என்று ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

போர்ட்டலுக்குள் போனாலே போய்விட்டார் என்றும் இல்லை. பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பழைய கல்லூரி ஸ்காலர்ஷிப்பைக் காத்து வைத்திருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. அந்த ஆபத்தைத் தெரிந்தே இறங்குகிறார்கள்.

சொந்தக் காரணம் என்று வீரர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். வீட்டில் உடல்நலம், மனநலம், காதல், மார்க் எதுவாக இருந்தாலும் தோண்டிப் பார்ப்பது நம் வேலை இல்லை. பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள். குடும்பத்தாருக்குச் செய்தி அனுப்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

உங்கள் முடிவை எழுதி வையுங்கள்

இவ்வளவும் பார்த்த பிறகு ஏப்ரலிலேயே மூன்று வரி எழுதுங்கள்: விட்டதற்கு முக்கியக் காரணமாக எனக்குத் தெரிவது இது, புது இடத்தைப் பிடித்ததற்கு இது, எனக்குத் தெரியாதது இது. மூன்றாவது வரி காலியாக இருந்தால் நீங்கள் எதையோ பார்க்கவில்லை.

சீசன் தொடங்கியதும் அதை எடுத்துப் பாருங்கள். பெண்கள் ஆட்டத்தில் ஹெய்லி வான் லித் லூயிவில்லில் 2022-23-இல் சராசரி 19.7 பாயிண்ட் எடுத்த கார்டு. எல்.எஸ்.யூ.வுக்கு (லூயிசியானா ஸ்டேட்) போனார், பாயிண்ட் கார்டு வேலை கொடுத்தார்கள், 11.6-க்கு இறங்கினார். அடுத்த வருஷம் டி.சி.யூ.வுக்கு (டெக்சஸ் கிறிஸ்டியன்) மாறினார், 17.9, பிக் 12 லீக் பட்டம், தேசியப் போட்டியில் கடைசி எட்டு. எல்.எஸ்.யூ.வை ஏன் விட்டார் என்று 2024 ஏப்ரலில் பேசியவர்கள் அணிக்குள் சண்டை, மற்ற நட்சத்திரங்களோடு ஒத்துப்போகவில்லை என்று என்னென்னவோ சொன்னார்கள். டி.சி.யூ.வில் அவர் கையில் பந்து எவ்வளவு நேரம் இருந்தது, எந்த இடத்திலிருந்து ஷாட் போட்டார் என்று நாலு ஆட்டம் பார்த்தாலே எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை என்று தெரிந்திருக்கும். நீங்கள் வாதாடும் வீரருக்கும் அப்படித்தான். நவம்பரில் இரண்டு ஆட்டத்தை வைத்து முடிவுக்கு வராமல், ஜனவரியில் லீக் ஆட்டங்கள் சூடு பிடிக்கும் வரை காத்திருந்து, முதல் ஐந்தில் இருக்கிறாரா, பந்தைக் கொண்டு வருவது யார், கடைசி ஐந்து நிமிடத்தில் பெஞ்சில் இருப்பது யார் என்று பாருங்கள்.